பகடையும் கட்டியக்காரனும்

விளையாட்டு என்றால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், ஒருவர் தோற்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஜெயிப்பதும் தோற்பதும் இல்லாத ஒரு விளையாட்டை ஐம்பது வருஷமாக உலகம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பாதாள அறைகளும் பறக்கும் நாகங்களும் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். நம் வாசகர்களில் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும். கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒருவேளை காதில் விழுந்திருக்கலாம்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மகனும் அவனுடைய நண்பர்கள் நான்கு பேரும் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இதை ஆடுகிறார்கள். அதனால்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது நம் பக்கத்துக் கூத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எப்படி ஆடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். ஒருவர் வில்வீரர், ஒருவர் திருடர், ஒருவர் வைத்தியர், ஒருவர் மந்திரவாதி. வேஷம் என்றால் பூச்சும் கிரீடமும் கிடையாது. ஒரு தாளில் அந்த ஆளின் பலம், புத்தி, கையில் உள்ள பொருள், அவருக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் எண்களாக எழுதி வைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

நடுவர் கதையைத் தொடங்குவார். "பாலாற்று மணல். நள்ளிரவு. எதிர்க்கரையில் இடிந்த கோட்டை, உள்ளே ஒரே ஒரு விளக்கு தெரிகிறது. என்ன செய்யப்போகிறீர்கள்?" என்பார். "நான் மதில்மேல் ஏறிப் பார்க்கிறேன்" என்பார் திருடர். ஏற முடிந்ததா, வழுக்கி விழுந்தாரா என்பதைப் பகடைதான் சொல்லும். இருபது முகம் உள்ள பகடை ஒன்று உண்டு. பெரிய எண் விழுந்தால் ஏறிவிட்டார். ஒன்று விழுந்தால் ஏதோ விபரீதம். நம் தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். இவர்களுக்கு ஒன்று விழுந்தால் கெட்டது. விழுந்ததை வைத்து நடுவர் கதையை மேலே கொண்டுபோவார். அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து அடுத்த முறை தொடரும். வருஷக்கணக்கில் போகிற கதைகளும் உண்டு.

எல்லாம் அந்த நடுவரிடம் இருக்கிறது. அவர் எங்கிருந்து வந்தார் என்று தேடிப்போனால், கதை ராணுவத்தில் போய் நிற்கிறது.

நம் வாலாஜாபாத் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். 200 வருஷத்துக்கு முன்னால் இது கம்பெனிப் படையின் பாசறையாக இருந்தது என்பதை முன்பும் எழுதியிருக்கிறேன். இங்கே சிப்பாய்கள் அணிவகுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஐரோப்பாவில் பிரஷ்யா என்ற நாடு ஒரு பெரிய அடி வாங்கியது. நம் பக்கம் வேலூர்ப் புரட்சி நடந்த அதே 1806ஆம் ஆண்டில்தான் யேனா என்ற இடத்தில் நெப்போலியன் அந்தப் படையைச் சிதறடித்தான். அதன் பிறகு தளபதிகளைப் பயிற்றுவிக்க வழி தேடினார்கள்.

1812ஆம் ஆண்டு ரைஸ்விட்ஸ் என்ற ஒரு பிரபு, இழுப்பறைகள் வைத்த ஒரு மேஜையைச் செய்து பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தார். இழுப்பறைகளில் மலை, ஆறு, காடு, ஊர் எல்லாம் சின்னச் சின்னச் சதுரக் கட்டைகளாக இருக்கும். எடுத்து அடுக்கினால் போர்க்களம் தயார். அவருடைய மகன் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். 1824ஆம் ஆண்டு அவர் அந்த விளையாட்டைத் திருத்தி, நிஜ வரைபடத்தின்மேல் ஆடும்படி விதிகளை எழுதி வெளியிட்டார். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்று பெயர். போர் விளையாட்டு என்று பொருள்.

இதில் புதுமை என்னவென்றால், இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் இருந்தார். வீரர்கள் காயைத் தொடக்கூடாது. "என் குதிரைப்படை அந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும்" என்று தாளில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். நிஜப் போரில் ஒரு தளபதியின் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும்தான் நடுவர் அவருக்குக் காட்டுவார். எதிரி மலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அந்தக் காயே பலகையில் இருக்காது. எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும். படைத்தலைமைக்கு முதலில் இதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆடிப் பார்த்த பிறகு படை முழுவதற்கும் சிபாரிசு செய்தார்கள். ஆனால் கண்டுபிடித்தவருக்கு நல்ல காலம் இல்லை. அந்த லெப்டினன்ட் 1827ஆம் ஆண்டு தற்கொலை செய்துகொண்டார்.

விதிகள் கூடிக்கொண்டே போய் விளையாட்டு கணக்குப் பாடம் மாதிரி ஆகிவிட்டது. 1876ஆம் ஆண்டு வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி, அட்டவணைகளை மூடி வையுங்கள், அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதும் என்று எழுதினார். நான்கு வருஷம் கழித்து அமெரிக்காவில் டாட்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு புத்தகம் எழுதினார். வீரர் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், முடியுமா முடியாதா என்று நடுவர் முடிவு செய்வார் என்பது அதில் வரும் ஒரு கருத்து. அந்தப் புத்தகம் நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்து வீட்டுத் தரையில் ஆடுவதற்கு 1913ஆம் ஆண்டு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இப்படித்தான் ராணுவத்தின் விளையாட்டு வீட்டுக்குள் வந்தது. வயதான ஆண்கள் தரையில் மண்டியிட்டுப் பொம்மை அடுக்குவது அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆகவே மாடியில் உட்கார்ந்து பகடை உருட்டும் நம் பிள்ளைகளைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

1960களின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நூலகத்தில் அந்த டாட்டன் புத்தகத்தைக் கண்டெடுத்தார். 1969ஆம் ஆண்டு நண்பர்களுக்காக ஒரு நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டை ஏற்பாடு செய்தார். படைக்குத் தளபதி இருவர்தானே, மற்ற நண்பர்கள் சும்மா உட்காருவார்களே என்று, போர் நடக்கும் ஊரில் ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார். ஒருவர் நகரத் தலைவர், ஒருவர் வங்கிக்காரர், இன்னொருவர் பல்கலைக்கழகத் தலைவர். அன்றைக்குப் போர் தொடங்கவே இல்லை. நண்பர்கள் தனித்தனியாகப் போய்ப் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள், வம்புக்கு இழுத்தார்கள். எல்லாம் கைமீறிப் போய்விட்டது, ஆட்டம் பாழ் என்று வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ, மறுபடியும் எப்போது என்று கேட்டார்கள்.

அந்த நண்பர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவர் இதே முறையை ஒரு மாயக் கோட்டைக்குக் கொண்டுபோனார். கோட்டைக்கு அடியில் பாதாள அறைகள், அவற்றில் பூதங்கள். முக்கியமாக, ஒருவர் எடுத்த வேஷம் அன்றோடு முடியாது; வாரா வாரம் தொடரும், அனுபவத்தில் வளரும்.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். அங்கே வசித்த கேரி கைகாக்ஸ் என்பவர் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்துவந்தார். 1968ஆம் ஆண்டு 50 டாலர் வாடகைக்கு ஊர் மண்டபம் ஒன்றை எடுத்து, விளையாட்டுப் பிரியர்களை ஒன்றுகூட்டியவர் அவர். 1970ஆம் ஆண்டு அந்த வேலை போய்விட்டது. வீட்டிலேயே செருப்புத் தைக்கும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1972ஆம் ஆண்டின் கடைசியில் ஆர்னசன் அவர் வீட்டுக்கு வந்து தன் விளையாட்டை ஆடிக் காட்டினார். கைகாக்ஸுக்கு உடனே பிடித்துவிட்டது. இருவரும் சேர்ந்து விதிகளை உருவாக்கினார்கள். பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. 1973 அக்டோபரில் கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் சேர்ந்து தாங்களே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். தன் பங்குக்கு கேய், ஆயுள் காப்பீட்டின்மேல் ஆயிரம் டாலர் கடன் எடுத்தார்.

1974 ஜனவரியில் 1000 பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். வீட்டில் உட்கார்ந்து கையாலேயே அடுக்கினார்கள். பல முகப் பகடைகளைப் பள்ளிகளுக்குக் கணிதக் கருவி விற்கும் விலைப்பட்டியலில் கண்டுபிடித்துத் தருவித்தார்கள். பின்னால் 1979ஆம் ஆண்டு விற்பனை சூடுபிடித்தபோது பகடைக்குத் தட்டுப்பாடு வந்து, பெட்டியில் எண் அச்சடித்த சீட்டுகளைப் போட்டுக் கொடுத்தார்கள். குலுக்கிப்போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் வீட்டில் தாயக்கட்டை தொலைந்தால் புளியங்கொட்டையைத் தேய்த்து வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

அடுத்து வருவதுதான் எனக்கு மனதில் தைத்த பகுதி. டான் கேய் 1975 ஜனவரியில், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். ஆர்னசன் தனக்கு வரவேண்டிய பங்கு வரவில்லை என்று 1979ஆம் ஆண்டு வழக்குப் போட்டார். 1981ஆம் ஆண்டு சமரசம் ஆனது. கைகாக்ஸின் கையிலிருந்தும் கம்பெனி 1985ஆம் ஆண்டு நழுவியது. 1997ஆம் ஆண்டு அதை வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. கைகாக்ஸ் 2008ஆம் ஆண்டும் ஆர்னசன் 2009ஆம் ஆண்டும் காலமானார்கள். உலகம் முழுக்க நண்பர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்த விளையாட்டு, அதை உண்டாக்கிய நண்பர்களைக் கோர்ட்டில் நிறுத்திவிட்டது.

ஊர்வாய் வேறு சும்மா இருக்கவில்லை. 1979ஆம் ஆண்டு மிச்சிகனில் ஒரு மாணவன் காணாமல் போனபோது, இந்த விளையாட்டுதான் புத்தியைக் கெடுத்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவன் காணாமல் போனதற்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் பெற்றோரின் பயம் பல வருஷம் நீடித்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பகடை என்ற சொல்லே பயம்தான். ரிக்வேதத்திலேயே சூதாடியின் புலம்பல் ஒன்று இருக்கிறது. தருமர் நாட்டையும் தம்பிகளையும் பாஞ்சாலியையும் வைத்துத் தோற்றார், நளனும் நாட்டைத் தோற்றான். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் இந்த விளையாட்டில் பந்தயமே கிடையாது. பணம் வைத்து ஆடினால்தான் அது சூது. கீழடி அகழாய்வில்கூட தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்கள்தானே நாம்?

இப்போது கூத்துக்கு வருகிறேன்.

காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனனைப் படுகளத்தில் சாய்ப்பார்கள். பிறகு தீமிதி. கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுப்பதிலிருந்து, வீட்டுக்கு வீடு வரி வசூலிப்பது, விளக்குக்கு ஏற்பாடு, ஜமாவுக்குச் சாப்பாடு வரை பார்க்க ஊரில் நாலு பேர் வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் துரியோதனன் எவ்வளவு நல்ல நடிகராக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கூத்தில் திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நிற்கும்போது, கட்டியக்காரன் முன்னால் நின்று யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தீர் என்று கேட்பான். ராஜாவாகவே இருந்தாலும் அவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பாட்டு எழுதி வைத்தது. வசனம் பெரும்பாலும் அந்த இடத்தில் பிறப்பது. கட்டியக்காரன் ஒன்றைக் கேட்பான், வேஷக்காரர் அதற்கு ஏற்றபடி பேசுவார். ஊர் ரோட்டில் உள்ள பள்ளம்கூட அஸ்தினாபுரத்துக்குள் வந்துவிடும். கதை எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு எந்த வழியாகப் போகும் என்பதுதான் தெரியாது. கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் முதலானோர் 1990ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கி, பிறகு குருகுலமும் நடத்தியதை நீங்கள் அறிவீர்கள்.

அமெரிக்காக்காரரின் நடுவரும் நம் கட்டியக்காரனும் வேறு வேறு வழியில் வந்தவர்கள். ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. ஆனால் வேலை ஒன்றுதான். தனக்கென்று ஜெயிப்பு இல்லாமல், மற்றவர்களின் வேஷம் சோபிக்கும்படி பார்த்துக்கொள்வது.

இதை நான் மாடியில் சொன்னபோது, அந்தக் கூட்டத்தில் இருக்கும் பெண், சுங்குவார்சத்திரத்திலிருந்து வருபவர், "அப்பா, அந்தக் கட்டியக்காரன் மாதிரியே எங்களையும் கேளுங்களேன்" என்றார். நானும் கேட்டேன். அதுவரை தாளில் எண்களாக இருந்த வில்வீரர், தன் அம்மா பெயர் முதல் ஊரைவிட்டு வந்த காரணம் வரை சொன்னார். அன்று முதல் அதுவே அவர்கள் வழக்கமாகிவிட்டது.

இவர்களுக்குப் பெரிய எதிரி பூதமோ நாகமோ இல்லை, ஷிப்ட்தான். வண்டலூர் சாலையில் ஒரகடம் வரை கம்பெனி பஸ்கள் காலை, மதியம், இரவு என்று ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒருவன் தூங்கப் போகும்போது இன்னொருவன் பஸ் ஏறுகிறான். ஐந்து பேருக்கும் ஒன்றாக ஒரு மாலை கிடைப்பது மாதத்தில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே மாதக்கணக்கில் முகம் பார்க்காத சிநேகிதர்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

அதனால் என் மகன் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறான். அடுத்த தேதியைக் குறிக்காமல் யாரும் மாடியிலிருந்து இறங்கக்கூடாது. மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு. எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். காலை ஷிப்ட் இருப்பவருக்காக இரவு பத்து மணிக்கு முடித்துவிட வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் நடுவரே போய், உங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். வராதவரின் வேஷத்தைக் கதையில் கொல்லக்கூடாது.

இந்தக் கடைசி விதிக்கு ஒரு சோதனை வந்தது. வைத்தியர் வேஷம் போட்ட தென்காசிப் பையனுக்கு ஒப்பந்த வேலை. ஒருநாள் ஒப்பந்தம் முடிந்தது, வேறு இடம் தேடி ஓசூருக்குப் போய்விட்டான். அவன் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. என் மகன் கதையில் வைத்தியரைக் காசி யாத்திரைக்கு அனுப்பிவைத்தான். அவனுடைய தாள் இன்னும் அந்த நோட்டுக்குள் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடந்ததை நாலு வரியில் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வைத்தியர் இப்போது எந்த ஊர்ச் சத்திரத்தில் தங்கியிருக்கிறார் என்று அவனும் பதில் எழுதுகிறான். நான்கு மாதம் கழித்து ஒரு சிநேகிதர் கல்யாணத்துக்கு வந்தவன், இரவு மாடிக்கு வந்து, காசித் தீர்த்தச் செம்போடு வைத்தியர் திரும்பிவிட்டார் என்று சொல்லி உட்கார்ந்தான். மற்றவர்கள் கைதட்டிய சத்தம் கீழ்வீடு வரை கேட்டது.

கைகாக்ஸும் ஆர்னசனும் விதிகளை எழுதினார்கள். அவை கடையில் கிடைக்கின்றன. ஆளைக் கூட்டுவதும், போன ஆளுக்கு இடம் வைத்திருப்பதும் எந்தப் பெட்டியிலும் வராது. ஓய்வுபெற்ற பிறகு நம் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சிநேகிதர்கள் சண்டை போட்டுப் பிரிவது குறைவு. கூப்பிட ஆள் இல்லாமல் பிரிவதுதான் அதிகம்.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். இருபது முகப் பகடை தேவையில்லை, வீட்டில் உள்ள தாயக்கட்டை போதும். நாலு பழைய நண்பர்களைக் கூப்பிடுங்கள். அஞ்ஞாதவாசத்தில் விராட நகரத்துக்குள் நுழையும் பாண்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சமையல்காரராகட்டும், ஒருவர் குதிரைக்காரராகட்டும். ஒருவர் கட்டியக்காரனாக நின்று, யார், எந்த ஊர், என்ன காரியம் என்று கேட்கட்டும். மீதி தானாக வரும். கிளம்பும் முன் அடுத்த தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கூத்தில் நினைவில் நிற்கும் கட்டியக்காரன் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிவில் அவர்களைப் பற்றிப் பேசுவோம்.